மாப்பிள்ளை அனுப்பிய பழைய மத்தி

போன ஞாயிற்றுக்கிழமை சின்னராசு அண்ணன் போன் செய்தார். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்பவர். "வெரசா வீட்டுக்கு வாப்பா. மாப்ள என்னைய அசிங்கப்படுத்திட்டான்."

பதறிக்கொண்டு ஓடினேன். அவர் மகளைக் கட்டியவர் ஸ்பெயினில் வேலை பார்க்கிறார்; மகளும் அங்கேதான். இன்னும் தலைத் தீபாவளி கூட வரவில்லை... அதற்குள் என்ன?

மேஜையில் நாலைந்து சின்ன டப்பாக்கள். படம் போட்ட, பளபளப்பான டப்பாக்கள். உள்ளே எண்ணெயில் ஊறிய மத்தி மீனாம். ஊருக்கு வந்த சிநேகிதரிடம் மாப்பிள்ளை கொடுத்துவிட்டிருக்கிறார்.

"நல்ல விஷயம்தானேண்ணே?"

டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். மீன் பிடித்த வருடம் அடியில் பொறித்திருந்தது. "பாரு. எம்மக காலேஜ்ல சேந்த வருசம். பழைய சரக்கத் தள்ளிவிட்டுருக்கான்."

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். போடிமெட்டிலிருந்து இறங்கும் மூட்டையில் போன வருடத்துக் காய் கொஞ்சம் கலந்திருந்தாலும் மோந்தே சொல்லிவிடுவார். கலந்து கொடுத்தவரோடு அப்புறம் பேச்சே கிடையாது. அந்தச் சட்டத்தை மாப்பிள்ளைக்கும் போட்டுவிட்டார். காலையிலிருந்து மகள் கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை.

மதினிக்குக் கண் கலங்கிவிட்டது. "தலதீவாளிக்கு வர்ற புள்ளைககிட்ட மூஞ்சியத் திருப்புனா நல்லாவா இருக்கும்? நீங்களாச்சும் சொல்லுங்க தம்பி."

நான் என்னத்தைச் சொல்ல? 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்று கேட்டு வளர்ந்தவன். எனக்கும் குழப்பம்தான்.

மறுபடி போன் அடித்தது. மதினி எடுத்து, விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டார். பேசியது மாப்பிள்ளை.

"மாமா, இங்க வருசம் ஏற ஏறத்தான் அதுக்கு ருசி. அலமாரியில வச்சு அப்பப்ப திருப்பிப் போடுவாங்க, எண்ணெ நல்லா ஊறும். தேடிப் பிடிச்சு வாங்குனேன்."

அண்ணன் முழித்தார். "பழசு எப்பிடிய்யா ஒசத்தியாகும்?"

மதினி முந்திக்கொண்டார். "மறுநாள் மீன்கொழம்புக்குச் சட்டியோட மல்லுக்கட்டுற ஆளு கேக்குற கேள்வியா இது?"

அண்ணன் ஒரு டப்பாவைத் திறந்தார். சூடு பண்ண வேண்டாமா? தாளிக்க வேண்டாமா? அப்படியே ரொட்டியில் வைத்துத் தின்பதுதான் அந்த ஊர் வழக்கமாம். மோந்தார். ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். மதினி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாப்ளே... தீவாளிக்கு வர்றப்ப இன்னும் ரெண்டு கொண்டாங்க."

எனக்கு ஒன்று தரச் சொன்னேன். "இருப்பா, இன்னும் பழசாகட்டும்" என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஏலக்காய் பழசானால் கழிவு. மத்தி பழசானால் மரியாதை. யோசிக்க யோசிக்கத் தலை சுற்றுகிறது.

ஒன்று மட்டும் விளங்கியது. டப்பாவைத் திருப்பிப் போட அண்ணன் இருக்கிறார். அண்ணனைத் திருப்பிப் போட மதினி இருக்கிறார்!