பிரிக்காத பொட்டலம்

இங்கிலீஷில் ஒரு காரியத்தைச் செய்கிறவர் ‘ஹீ’ என்றால் வாங்கிக்கொள்கிறவர் ‘ஹிம்’. அதேபோல ‘ஷீ’, ‘ஹெர்’. இவ்வளவுதான் விஷயம். இன்று என் மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் இந்தச் சின்னச் சொற்கள் எங்கள் வீட்டையே ஆட்டிவைத்தன.

பெரியநாயக்கன்பாளையத்தில் அப்பா சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். நான் பக்கத்துத் தெருவில் தமிழ்வழியில் படித்தேன். ஆறாம் வகுப்புக்குக் கோயமுத்தூரில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் இங்கிலீஷ் பள்ளியில் என்னைச் சேர்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அம்மாவை எட்டாவதோடு நிறுத்திவிட்டிருந்தார்கள். அப்பாவுக்கோ பயம். பெண் குழந்தை தினமும் பஸ் ஏறிப் போக வேண்டும். போன இடத்தில் பாஷை புரியாமல் முழிக்க வேண்டும். நுழைவுத் தேர்வில் ஹீயா ஹிம்மா என்றுதான் நிறையக் கேட்பார்களாம். அதனால் நான் ஒரு வாரமாக வீட்டு ஆட்களை வைத்தே வாக்கியம் செய்து கத்திக்கொண்டிருந்தேன். ‘ஹீ கால்ஸ் ஹெர். ஷீ கால்ஸ் மீ.’

தேர்வுக்கு முதல் நாள் அம்மா கேட்டுவிட்டார்.

“ஏனுங்க, நாளைக்குப் பரீட்சைங்க. சேர்த்தறதா இல்லையான்னு ஒரு முடிவு சொல்லுங்க.”

“நான் என்னத்தச் சொல்றது? சாமிகிட்டப் பூக் கேட்டுப்போடலாம்.”

எங்கள் வீட்டில் பெரிய காரியத்துக்கெல்லாம் அதுதான் வழக்கம். போர்வெல் போட்டதும் லேத் வாங்கியதும் பூக் கேட்டுத்தான். இன்றைக்கும் நான் அப்படித்தான், சாமி ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை. வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனியே இலையில் மடித்துச் சாமி முன்னால் வைப்பார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் அப்புறம் அந்தப் பேச்சே கிடையாது. மிஞ்சிய பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

அன்று குலதெய்வக் கோயிலில் அம்மாதான் பூ மடித்தார். நான் எடுத்தேன். வெள்ளை! அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மிஞ்சியதை என் கையில் கொடுத்து, “ஓடிப் போயிக் கிணத்துல போட்டுட்டு வா கண்ணு” என்றார். “நான் போடறேன், இங்க குடு” என்று அம்மா அவசரமாகக் கை நீட்டினார். அதற்குள் நான் ஓடிவிட்டேன்.

கிணற்றில் போடவில்லை. சாமி முன்னால் இருந்த பொட்டலம் ஆயிற்றே, தேர்வுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டேன்.

தேர்வில் பாதிவரை குதிரைபோல ஓடினேன். பிறகு நான்கு கோடிட்ட இடங்களில் ஹீயா ஹிம்மா என்று சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியுமே. நேற்று வந்த வெள்ளைப் பூ தலையில் இருந்தது. சிவப்பையும் எடுத்துச் சாமியிடமே கேட்டுவிடலாம் என்று டெஸ்குக்கு அடியில் பொட்டலத்தைப் பிரித்தேன்.

உள்ளே இருந்ததும் வெள்ளை.

எனக்குப் புல்லரித்தது. எனக்காகச் சாமி சிவப்பையே வெள்ளையாக்கிவிட்டாரே! இனி எதை எழுதினாலும் சரிதான். நான்கிலும் தைரியமாக ‘ஹிம்’ போட்டேன். கடைசியில் அதே மாதிரிச் சொற்களை வைத்துச் சொந்தமாக ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தார்கள். நடந்ததை அப்படியே எழுதினேன்.

மதியம் எங்கள் மூவரையும் சிஸ்டர் உள்ளே கூப்பிட்டார். “கோடிட்ட இடத்துல நாலு தப்பு. ஆனா சொந்தமா எழுதினதுல ஒண்ணுகூடத் தப்பில்லைங்க” என்றவர், அப்பாவுக்காக ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னார். “அம்மா ரெண்டு பூவ மடிச்சாங்களாம். அதைச் சாமிக்கு முன்னால வெச்சாங்களாம். இவ ஒண்ணு எடுத்தாளாம், அது வெள்ளை. இன்னைக்கு இன்னொண்ணைப் பிரிச்சாளாம். அதுவும் வெள்ளையாம்.” கண்ணாடியை இறக்கி அப்பாவைப் பார்த்தார். “இது என்னதுங்க?”

அம்மாவின் கை என் தோளில் சில்லென்று இருந்தது. அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பட்டறையில் அளவு தப்பிய சாமானைக் கையில் வைத்துக்கொண்டு, கழிப்பதா வைப்பதா என்று பார்ப்பாரே, அதே பார்வை.

“எங்க சாமி வழக்கமுங்க சிஸ்டர்” என்றார் கடைசியில். “ரெண்டும் வெள்ளையா வந்துட்டா, கட்டாயம் சேர்த்தோணும்னு அர்த்தமுங்க.”

சேர்த்தார்கள். திரும்பும் பஸ்ஸில் அப்பா, “அடுத்த தடவ பூவ நான் மடிச்சுக்கறேன்” என்று மட்டும் சொன்னார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. இவ்வளவு நல்ல நாளில் எதற்கு அழுகிறார் என்று நினைத்தேன். புதுப் பள்ளியில் சிவப்பு வெள்ளையான கதையைக் கேட்காதவர்கள் இல்லை.

இரண்டு வருடம் கழித்து என் தங்கையின் முறை வந்தது. சொன்னபடியே அப்பாதான் பூ மடித்தார். தங்கை எடுத்தாள். வெள்ளை. மிஞ்சியதை அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸில் வைக்கலாம் என்று நான் கை நீட்டினேன். அப்பா சட்டென்று அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“வேண்டாங் கண்ணு. செகப்பப் பாக்கப்படாது.”

அவரே வேகவேகமாகக் கிணற்றடிக்குப் போனார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சாமியைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சாமி சந்நிதியில் இப்படியா சிரிப்பார்கள் என்று எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது.