மஞ்சள் பேணி

1995 ஆகஸ்ட் 28, திங்கட்கிழமை, வங்கி விடுமுறை. எனக்குப் பத்து வயது. அன்றும் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருந்த எங்கள் வீட்டில் காலை வழக்கமான ஒழுங்கில்தான் தொடங்கியது. அப்பா பெட்ரோல் நிலையத்து இரவு ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்துகளைக் கதவடியில் சோடியாக வைத்தார். அம்மா புட்டு அவித்தார். அம்மாவின் தம்பியான மாமா குளியலறைக்குள் புகுந்து கதவைப் பூட்டிக்கொண்டார். மேல்மாடிப் பின்னறையில் வாடகைக்கு இருந்த நைஜீரியாக்காரர் வானொலியோடு சண்டை பிடித்தார்.

இந்தச் சண்டைக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் தம் நாட்டு அமைச்சர்களை ஏசுவார். பிறகு இந்த நாட்டு அமைச்சர்களுக்கு வருவார். அவருடைய ஊரில் அவர் சிறுவனாக இருந்தபோது நடந்ததை மாமா எனக்குத் தமிழில் சொல்லியிருக்கிறார். நாட்டில் காசுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, எல்லாவற்றுக்கும் காரணம் கானாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான் என்று தலைவர்கள் சொன்னார்களாம். அவருடைய கணக்கு வாத்தியாரும் கானாக்காரர். கட்டம் போட்ட பெரிய பையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் லொறி ஏறிப் போனார். அதன்பிறகு அரிசி விலை இறங்கவில்லை, கணக்குச் சொல்லித்தரத்தான் ஆளில்லாமல் போயிற்று. பிறகு அதே மாதிரிப் பையோடு இவரும் லண்டனுக்கு வந்தார்.

அவருடைய பெயர் சண்டே. மாமா அதைத் தமிழாக்கி ‘ஞாயிறண்ணை’ என்பார். அம்மாவுக்கு அவர் வெறும் ‘மேலறை ஆள்’. ஆனாலும் அம்மாதான் அவருக்குத் தனி மரியாதை கொடுத்தார் என்று நான் நம்பியிருந்தேன். எங்கள் தேநீர்ப் பேணிகள் நான்கும் குசினிச் சுவரில் ஆணிகளில் வரிசையாகத் தொங்கும். அவருக்கு மட்டும் மஞ்சள் எனாமல் பேணி, யன்னல் திட்டில் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். வேறு யாரும் அதில் குடிப்பதில்லை. ஒருமுறை அதில் பால் கேட்டு அம்மாவிடம் நல்ல ஏச்சு வாங்கினேன். அத்தனை உயர்ந்த பேணி அது.

அன்று எங்கள் ஊர்ச் சங்கத்தின் விளையாட்டு விழா. யாழ்ப்பாணத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு ஊர்கள், லண்டனுக்கு வந்த பிறகும் ஆண்டுக்கொருமுறை மிச்சம் என்ற இடத்துக்குப் பக்கத்து மைதானத்தில் கயிறிழுத்துத் தங்கள் வழக்கைத் தீர்த்துக்கொண்டன. தீர்ப்பு ஒவ்வோர் ஆண்டும் எங்களுக்கு எதிராகவே வந்தது. எங்கள் பக்கம் இழுக்கிற எட்டுப் பேரும் ஆளுக்கொரு கட்டளை போடுவார்கள். அடுத்தவர் சொல்வதைக் கேட்கிற ஒருவர்கூட அந்த எட்டுப் பேரில் இல்லை.

அந்த வருடம் மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிறண்ணையின் ஊர் ஓர் ஆற்றங்கரை. அங்கே வள்ளங்களைக் கரைக்கு இழுக்கும்போது ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் அந்தக் குரலுக்கு ஒன்றாய்ச் சரிவார்களாம். ஆள் மெலிந்தவர், எடை தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும், ஆனால் குரல் இருந்தது. அடித்தொண்டையில் தொடங்கி மெல்ல ஏறி உச்சியில் சட்டென்று முறியும் குரல். அது முறியும் கணத்தில் இழுக்க வேண்டும். எங்கள் பின்வளவில் நின்ற பியர்ஸ் பழ மரத்தில் கயிற்றைக் கட்டிக் கோடை முழுவதும் பழகினார்கள். மரம் தப்பியது, வேலி தப்பவில்லை. தமிழில் யார் சொன்னாலும் கேட்காத எட்டுப் பேரும், ஒரு சொல்லும் விளங்காத அந்தக் குரலுக்கு அடங்கினார்கள்.

மத்தியானம் கயிறு விரித்தாயிற்று. ஞாயிறண்ணை கோட்டைக் கழற்றி மடித்து, நாங்கள் புல்லில் விரித்திருந்த பாயில் வைத்துவிட்டுக் கயிற்றருகே போய் நின்றார். உடனே எதிரணித் தலைவர் கையை உயர்த்தினார்.

“என்னப்பா, லண்டனில ஆள் கிடைக்கேல்லையெண்டு ஆப்பிரிக்காவுக்கே போய்ப் பிடிச்சுக்கொண்டு வந்தனீங்களோ?”

சிரிப்பு எழுந்தது. “உந்தக் கறுவல் எந்த ஊரெண்டு ஒருக்காக் கேளுங்கோவன்,” என்றார் பின்னால் நின்ற ஒருவர். அப்படிச் சொன்னவர் எங்கள் மாமாவைவிடக் கறுப்பு.

எங்கள் சங்கத் தலைவர் ஓடி வந்தார். வெயிலிலும் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தார். எதிரணியைக் கண்டிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தோம். அவர் மாமாவின் தோளில் கைபோட்டு, “வீண் பிரச்சினை வேண்டாம் தம்பி. அவர் எங்கட விருந்தாளியெல்லோ? விருந்தாளியை வேலை வாங்கலாமோ? மேடைக்குப் பக்கத்தில நல்ல கதிரையாப் போட்டு விடுறன், இருந்து பாக்கட்டும்,” என்றார்.

என்ன பேசுகிறார்கள் என்று ஞாயிறண்ணை கேட்டார். மாமா பாதியை விழுங்கி ஆங்கிலத்தில் சொன்னார். முழுவதையும் சொல் என்றார் அவர். மாமா தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் சொன்னார்.

ஞாயிறண்ணை வானொலியோடு பேசும் அதே குரலில், ஆங்கிலத்தில், பேசத் தொடங்கினார். சிரித்தவர்கள் மேல் தனக்குக் கோபமில்லை, அவர்கள் தோற்றுவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள், பயந்தவன் எந்த நாட்டிலும் ‘நீ எந்த ஊர்’ என்றுதான் கேட்பான் என்றார். பிறகு எங்கள் தலைவர் பக்கம் திரும்பினார். தலைவர் என்று ஒருவரை வைத்திருப்பதே இந்தமாதிரி ஒரு நிமிடத்துக்காகத்தான், மற்ற நாட்களில் வெறும் கதிரையே போதும் என்றார். கடைசியாக, ‘நான் கதிரை கேட்டு வரவில்லை, வேலைக்கு அழைக்கப்பட்டு வந்தேன்’ என்று சொல்லிவிட்டுப் பாய்க்கு வந்து கோட்டை எடுத்தார். ஒரு கை நுழைந்தது, மற்றக் கை சட்டென்று நுழையவில்லை. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் போனால் இந்த வருடமும் தோல்விதான் என்பது மட்டுமே என் கவலை.

மாமா கயிற்றைக் கீழே போட்டார். மற்ற ஏழு பேரும் போட்டார்கள். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ஒரே காரியத்தைச் செய்வதைச் சங்கம் அன்றுதான் பார்த்தது.

“தலைவர், ஒரு சின்னக் கேள்வி,” என்றார் மாமா. “நீங்கள் எந்த ஊர்?”

பதில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண் வீட்டில் குடியேறுவது வழக்கம். தலைவர் அப்படி வந்தவர், பிறந்தது வேறெங்கோ. அவர் பதவிக்கு நின்றபோது பெரிய சண்டை நடந்தது. கடைசியில் அவருக்காகவே சங்கம் ஒரு விதி செய்தது. ஊரில் பிறந்தவர் மட்டுமல்ல, ஊரவர் வீட்டில் குடியிருப்பவரும் ஊரவர்தான்.

“ஞாயிறண்ணை ரெண்டு வருசமா எங்கட அக்கா வீட்டில குடியிருக்கிறார்,” என்றார் மாமா. “வாடகையும் குடுக்கிறார். நீங்கள் மாமனார் வீட்டில குடுத்தனீங்களோ தெரியாது.”

தலைவர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய மனைவி, கையில் வடைத் தட்டோடு, எழுந்து நின்றார். “தம்பி சொல்லுறது சரிதானே? அவர் ஊரில்லையெண்டால் நீங்களும் ஊரில்லை. பதவியை விட்டிட்டு வந்து இந்தத் தட்டைப் பிடியுங்கோ.”

எதிரணியும் சேர்ந்து சிரித்தது. இந்தமுறை சிரிப்பு வேறு திசைக்குப் போயிற்று. தலைவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு, விதி விதிதான் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். மாமா பாயடிக்கு வந்து நடந்ததைச் சொன்னார். ஞாயிறண்ணை ஒரு கை நுழைந்த கோட்டோடு கடைசிச் சொல்வரை கேட்டார். பிறகு அதைக் கழற்றி, முன்பு மடித்ததைப் போலவே மடிப்புக் கலையாமல் வைத்தார்.

முதல் இழுப்பில் தோற்றோம். மாமாவின் கால் வழுக்கியது. இரண்டாவதில் அந்தக் குரல் எழுந்தது, ஏறியது, முறிந்தது. எட்டுப் பேரும் ஒரே முதுகாய்ச் சரிந்தார்கள். வென்றோம். மூன்றாவதில் கயிற்றின் நடுவில் கட்டிய சிவப்புத் துணி அசையவே இல்லை. அவர் குரல் கம்மத் தொடங்கியது. அப்போது எனக்குப் பின்னால் யாரோ கத்தினார்கள்.

“சண்டே அண்ணை! விடாதேங்கோ, அண்ணை!”

திரும்பிப் பார்த்தால் அம்மா. வீட்டில் பக்கத்து அறைக்குக் கேட்கும்படிகூடப் பேசாத அம்மா, பாயில் செருப்புக் காலோடு ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார். ஞாயிறண்ணை ஒருமுறை எங்கள் பக்கம் பார்த்தார். அடுத்த குரல் ஆற்றங்கரையிலிருந்தே வந்தது. சிவப்புத் துணி நடுங்கி, நகர்ந்து, ஓடி வந்து எங்கள் பக்கத்து எல்லைக்கோட்டைத் தாண்டியது.

ஊரே மைதானத்தில் இறங்கியது. அப்பா நித்திரையில்லாத கண்களோடு ஆடினார். ஞாயிறண்ணையை எட்டுப் பேரும் தோளில் தூக்கினார்கள். முதலில் வந்து கைகுலுக்கியவர் எதிரணித் தலைவர்தான். “அடுத்த வருசம் எங்கட ஊர்க்காரர் வீட்டில ஒரு அறை பாருங்கோவன்,” என்று அவர் சொன்னதை மாமா ஒரு சொல்லும் விழுங்காமல் மொழிபெயர்த்தார். ஞாயிறண்ணை தோளில் இருந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தார். அன்று எடுத்த புகைப்படத்தில் வெற்றிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பவர் எங்கள் தலைவர்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சுத்தியல் சத்தத்தில்தான் விழித்தேன். தேநீருக்குத் தண்ணீர் வைப்பதற்கு முன்னரே அம்மா குசினிச் சுவரில் ஐந்தாவது ஆணி அடித்துக்கொண்டிருந்தார். யன்னல் திட்டிலிருந்த மஞ்சள் பேணியை எடுத்துக் கழுவி, எங்கள் பேணிகளின் வரிசையில் தொங்கவிட்டார். ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவுக்கு முதல் தேநீரை அந்த மஞ்சள் பேணியிலேயே ஊற்றினார். ஞாயிறண்ணை இறங்கி வந்தபோது அவருக்கு என் பேணியில் கொடுத்தார். அவர் அப்பாவின் கையைப் பார்த்தார், பிறகு ஐந்தாவது ஆணியைப் பார்த்தார். அன்று மேலே போயும் வானொலியைப் போட மறந்துபோனார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேற்று எங்களை வெல்ல வைத்த மனிதரிடமிருந்து, விடிந்ததும் விடியாததுமாக, அவருக்கென்று இருந்த ஒரே மரியாதையையும் பறித்துவிட்டாரே என்று அம்மாவோடு சண்டை பிடித்து அழுதேன்.