கண்ணா, கேமராவா

சூரியன் என்றைக்காவது லீவு போட நினைத்தால், சாவியைச் சித்தியிடம்தான் கொடுத்துவிட்டுப் போகும். வெளிச்சத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் பாதிகூட அதற்குத் தெரியாது. நிலாவின் முகத்தில் இன்னும் அத்தனை தழும்பு இருக்கிறதென்றால், அது சித்தியின் ஸ்டூடியோவுக்கு வந்து உட்காரவில்லை என்று அர்த்தம். வந்திருந்தால் தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லி, இடது பக்கம் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து, பாஸ்போர்ட்டுக்கு லாயக்கான முகமாக ஆக்கி அனுப்பியிருப்பாள்.

இப்பேர்ப்பட்ட சித்தி எடுத்த படத்தை ஒரு பெண் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

வாஷிங் மெஷின் ரிப்பேர் கடைக்கு மேலே, ஆள் ஏறினால் முனகுகிற இரும்புப் படி முடியும் இடத்தில் இருக்கிறது அந்த ஸ்டூடியோ. ஒரு சுழலும் ஸ்டூல், பின்னால் சாம்பல் நிறத் திரை, முகம் பார்க்கும் கண்ணாடி, அதன் பக்கத்தில் பவுடர் டப்பா. சீப்பு மட்டும் ஆணியில் நூல் போட்டுக் கட்டியிருக்கும். எத்தனையோ சீப்புகளைச் சட்டைப் பையோடு அனுப்பி வைத்த பிறகு வந்த ஞானம் அது. தெருவில் யாருக்கும் அவள் பெயர் தெரியாது. அவளுடைய அக்கா மகள் கீழேயிருந்து "சித்தி" என்று கத்திக் கத்தி, தெருவே அவளைச் சித்தி ஆக்கிவிட்டது. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

படத்தைத் திருப்பிக் கொடுத்த பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினாள். "தப்பா நெனக்காதீங்க சித்தி. பாப்பா கொசுவலைக்குள்ள உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு."

சித்தி முதலில் குழந்தை அசைந்துவிட்டது என்றாள். பிறகு பிரிண்ட் போட்டவனைத் திட்டினாள். அந்தப் பெண் படியிறங்கிய பிறகு லென்ஸைத் துடைத்தாள், பழைய கேமராவைத் திட்டினாள், மழைக்காலத்தைத் திட்டினாள். திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோனதும், இடது கண்ணை மூடிக்கொண்டு எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். தேதிகளெல்லாம் புகைக்குள் உட்கார்ந்திருந்தன. குழந்தை மட்டுமல்ல, அந்த மாதமே கொசுவலைக்குள்தான் இருந்தது.

கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது, கண்ணாடி தேவையில்லை, புரையை எடுத்துவிட்டு உள்ளே ஒரு லென்ஸ் வைத்துவிடலாம், அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். ஜாக்கெட்டுக்குக் கொக்கி மாற்றுகிற மாதிரி சொன்னார். சித்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"லென்ஸை நான் மாத்துவேன் டாக்டர். எனக்கே லென்ஸ் மாத்துறதுக்கு நான் என்ன கேமராவா?"

வீட்டுக்கு வந்து சித்தப்பாவிடம், கண்ணாடி போடத் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் அதில் பொய் இல்லை.

பயம் என்று அவள் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆனால் கல்யாணமான புதிதிலிருந்து அந்த ஒற்றைக் கண்ணை வைத்துத்தான் அவள் சம்பாதித்திருக்கிறாள். இடது கண் வெறுமனே கூட வந்த கண். படம் எடுக்கும்போதெல்லாம் மூடிக்கொண்டு தூங்கிய கண். சம்பாதிக்கிற கண்ணில் போய்க் கத்தி வைப்பதா? அதனால் தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பி வேலைக்கு அனுப்பினாள். இனி இடது கண்ணால்தான் பார்ப்பது என்று முடிவாயிற்று. யாரிடமும் சொல்லவில்லை.

அதில் ஒரே ஒரு தொல்லை. வலது கண்ணால் பார்க்கும்போது மூக்கு கேமராவின் ஓரமாக ஒதுங்கி மரியாதையாக நிற்கும். இடது கண்ணை வைத்தால் அது நேராகக் கேமராவின் முதுகில் படம் தெரிகிற திரையில் போய் அப்பிக்கொள்ளும். சித்தி பவுடர் போடாமல் வேலைக்கு உட்கார மாட்டாள். ஆகவே ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் திரையில் வட்டமாக ஒரு பவுடர் முத்திரை. அதை முந்தானையால் துடைத்துவிடுவாள். துடைத்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிரச்சினை என்னவென்றால், தூங்கி எழுந்த கண்ணுக்கு வேலை தெரியவில்லை. படங்கள் நூலிழை பிசகிக்கொண்டே இருந்தன.

இந்த நேரம் பார்த்துத்தான் தவணை வந்தான். தெரு முக்கில் கேமராக் கடை வைத்திருப்பவன். தன் நிழலைக்கூட மாதத் தவணையில் விற்றுவிடக்கூடியவன் என்பதால் அந்தப் பெயர். புதிதாக ஒரு மிரர்லெஸ் கேமரா வந்திருக்கிறது, உள்ளே கண்ணாடியே கிடையாது, எதிரில் இருப்பவரின் கண்ணை அதுவே தேடிக் கண்டுபிடித்து ஃபோகஸ் செய்துவிடும், நீங்கள் பொத்தானை அமுக்கினால் போதும் என்று அடுக்கினான். கடைசியில் விலையைச் சொன்னான், கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு.

"கண்ணாடி இருந்துச்சு. அதை எடுத்துட்டீங்க. எடுத்தா விலை குறையணுமா, ஏறணுமா? கதவு இல்லாத பீரோவுக்கு எவனாவது கூடக் காசு கேப்பானா தம்பி?"

"அது இல்லாததுதான் சித்தி இதோட சிறப்பே."

"அப்ப லென்ஸையும் கழட்டிடு. இன்னும் சிறப்பா இருக்கும்."

அன்று முழுக்க அந்த விலை சித்தியின் வாயில் அரைபட்டது. படியேறி வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அந்தக் காசுக்கு ஒரு வண்டி வாங்கலாம், வண்டியாவது சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு போகும். இது அவள் கழுத்தில் அல்லவா தொங்கும். வெங்காயம் வாங்கும்போது அரை ரூபாய்க்கு முறைக்கிறவர்கள் இந்தக் கொள்ளையை எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டாள். இத்தனையும் சொல்லிவிட்டு, தவணையிடம் ஒரு வாரம் வைத்துப் பார்க்கிறேன் என்று அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஏனென்றால் கணக்கு அவளுக்கு மட்டும் தெரியும். வங்கியில் இருந்த சேமிப்பு இரண்டு செலவைத் தாங்காது. கண்ணுக்குக் கொடுக்கலாம், அல்லது கேமராவுக்கு. எதிராளியின் கண்ணை அந்தக் கேமராவே கண்டுபிடித்துக்கொள்ளும் என்றால் சித்தியின் கண் எப்படி இருந்தால் யாருக்கு என்ன? அவள் ஏசியதெல்லாம் கேமராவின் விலையை அல்ல. கத்தியிலிருந்து தப்பிக்கிற விலை அது. அதனால்தான் அவ்வளவு கோபம்.

ஸ்டூடியோவில் படங்களை வெட்டுவதும் போன் எடுப்பதும் சித்தியின் அக்கா மகள் வேலை. வாலு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் அவளும் ஒருவருக்கொருவர் கும்பிடு போட்டுப் பிரிந்தவர்கள். முகத்தைக் கடுகடுவென்று வைத்திருந்த சித்தப்பாவின் படத்தைப் பெரிதாக்கி, 'மாதிரிக்கு: சிரிக்கக் கூடாது' என்று எழுதி வாசலில் மாட்டியவள். ஒரு மாதம் கழித்துத்தான் சித்தப்பா அதைப் பார்த்தார். அதற்குள் தெருவே மனப்பாடம் செய்திருந்தது.

முதல் நாள் கேமராவை முக்காலியில் நிறுத்தி, எட்ட நின்று திரையைப் பார்த்தபடி சித்தப்பாவை எடுத்தார்கள். கண்ணில் ஒரு சின்ன பச்சைக் கட்டம் வந்து உட்கார்ந்தது. படத்தில் இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணத் தோதாக நின்றது. சித்தி ஒரு கண்ணுக்கு எண்ணியும் பார்த்தாள். பிறகு, "பகல் கொள்ளைதான். ஆனா வாங்கிடலாம்" என்றாள்.

துள்ளிக் குதித்திருக்க வேண்டிய வாலு ஏனோ குதிக்கவில்லை. இதில் ஆயிரம் செட்டிங் இருக்கிறது, ஒவ்வொன்றாகப் பார்த்து வைக்கிறேன் என்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். அந்தப் பொடி எழுத்துகளோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பதில் சித்திக்கு நிம்மதி. "பாரு பாரு, நம்ம வீட்டுல படிச்ச மேதை நீதானே" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காது டாக்டர் வந்தார். மருத்துவமனைப் பலகையில் போட ஒரு படம் வேண்டும். சித்தி புதுக் கேமராவைக் கையில் எடுத்தாள். கண்ணை வைத்துப் பார்த்து எடுத்தால்தான் அவளுக்கு எடுத்த மாதிரி இருக்கும். இடது கண்ணை வைத்தாள். எடுத்தாள். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோது டாக்டரின் முகம் தண்ணீருக்கடியில் கிடந்தது. வலது காது மட்டும் பளிச்சென்று, அதில் இருந்த ஒற்றை நரைமுடி உட்பட, துல்லியமாக இருந்தது. இன்னொன்று எடுத்தாள். அதில் சட்டைக் காலர். இன்னொன்றில் பின்னால் இருந்த திரையின் தையல்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "நான் காது டாக்டர்தாம்மா. அதுக்காகக் காதை மட்டும் போட முடியாதுல்ல."

பழைய கேமராவை முக்காலியில் நிறுத்தி, வாலுவை ஃபோகஸ் பார்க்கச் சொல்லி, எப்படியோ ஒரு படம் எடுத்து அவரை அனுப்பினார்கள். அவர் கடைசிப் படியை மிதிப்பதற்குள் சித்தி செருப்பு மாட்டியாயிற்று. கேட்காமலேயே வாலு கேமராவைப் பெட்டியோடு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். ஒரு தீப்பெட்டி வாங்கிவரச் சொன்னாலே தோள்பட்டை வலிக்கிற பெண் அவள். அதை யோசிக்கிற நிலையில் சித்தி இல்லை.

தவணையின் கடையில் அப்போது வேறு ஆள் இல்லாதது தவணையின் நல்ல காலம். வண்டி விலைக்கு ஒரு கேமராவை விற்கிறாய், அது மனுஷனின் காதையும் காலரையும் தையலையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. கண் எங்கே இருக்கும் என்றுகூடத் தெரியாத இந்தச் சனியனுக்குப் பள்ளிக்கூடம் போகிற குழந்தை தேவலாம், முகம் வரையச் சொன்னால் இரண்டு வட்டமாவது போடும். இப்படி மூச்சுவிடாமல் வாங்கு வாங்கென்று வாங்கினாள். தவணை அவளை எடுத்துப் பார்த்தான். கண் கச்சிதமாக வந்தது. வாலுவை எடுத்தான். வந்தது. தலையைச் சொறிந்தான்.

"நீங்க என்னை எடுங்க சித்தி."

சித்தி கேமராவைத் தூக்கினாள். தவணை சிரித்த முகமாக நின்றான். பிறகு சிரிப்பு மெதுவாக மாறியது. கழுத்தை நீட்டிப் பக்கவாட்டில் வந்து எட்டிப் பார்த்தான்.

"சித்தி, அப்படியே நில்லுங்க. அசையாதீங்க. உங்க மூக்கு."

"என் மூக்குக்கு என்ன?"

"அதுதான் ஃபோகஸைப் பிடிச்சு இழுக்குது."

திரையில் விரல் படுகிற இடத்துக்கு ஃபோகஸ் போகிற செட்டிங் ஒன்று உண்டாம். பட்டது விரலா, மூக்கா என்று அதற்குத் தெரியாதாம். தவணை விளக்கிக்கொண்டே போனான். சொல்லி முடித்ததும் வெள்ளந்தியாகக் கேட்டான். "நீங்க எப்பவும் வலது கண்ணாலதானே சித்தி பாப்பீங்க?"

சித்தி திரையைப் பார்த்தாள். வட்டமாக ஒரு பவுடர் முத்திரை. முந்தானையை எடுத்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

"இன்னிக்கு அது லீவு."

"ரொம்ப நாளாவே லீவுதான்" என்றாள் வாலு, பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டு. "பழைய கேமராவுல நீ பாதிதான் சித்தி தொடப்ப. மீதியைத் தினமும் நான்தான் தொடைக்கிறேன்."

சித்தி அவளை முறைத்தாள். கேமராவை முறைத்தாள். யாரைத் திட்டுவது என்று ஒரு கணம் தடுமாறினாள். கேமராவைத் திட்ட வழியில்லை. அது தொட்ட இடத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். மழைக்காலமும் முடிந்துவிட்டது. அவளே கேமராவைப் பெட்டிக்குள் வைத்து, வாரைச் சுருட்டி, மூடியை அழுத்தினாள்.

"எதிராளி கண்ணைக் கண்டுபிடிக்கும்னுதானே தம்பி சொன்ன? இது என் கண்ணைக் கண்டுபிடிச்சுக் காட்டிக் கொடுத்துருச்சு."

"அடுத்த மாசம் விலை ஏறும் சித்தி."

"ஏறட்டும். ஏறுறதைத் தெளிவாவாவது பாக்குறேன்."

பெட்டியை வாங்கிக்கொண்ட தவணை, கடையிலிருந்து போகும்போது இந்த செட்டிங் அணைத்துத்தானே இருக்கும், இதை யார் போட்டுவிட்டிருப்பார்கள் என்று தனக்குத்தானே முனகினான். வாலுவுக்குச் சட்டென்று அங்கிருந்த முக்காலிகளின் மேல் பெரிய ஆர்வம் வந்துவிட்டது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

சேமிப்பு கண்ணுக்குப் போனது. ஆபரேஷனுக்குப் போகிற வழி முழுக்கச் சித்தி வண்டிக்காரரின் ஹாரனைத் திட்டினாள். அவளுடைய கை மட்டும் வாலுவின் மணிக்கட்டை விடவே இல்லை. முடிந்து வெளியே வந்தபோது, இவ்வளவு சீக்கிரம் முடிகிற வேலைக்கா என்னை இத்தனை நாள் பயமுறுத்தினீர்கள் என்று டாக்டரிடம் சண்டைக்குப் போனாள். அவர் பயமுறுத்தவே இல்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

கட்டுப் பிரித்து, சொட்டு மருந்தெல்லாம் முடிந்து, ஸ்டூடியோ கதவைத் திறந்த அன்றுதான் உண்மையான ரகளை. சாம்பல் திரை முழுக்கக் கறை. இத்தனை நாள் வெள்ளை அட்டை என்று பிடித்துக்கொண்டிருந்தது நல்ல மஞ்சள். சுவரில், ஸ்டூலில், சீப்பில், எங்கும் அழுக்கு. இந்தக் குப்பைக்கு நடுவில் உட்கார வைத்தா மனுஷர்களிடம் காசு வாங்கினேன், ஒரு நாய்கூட என்னிடம் சொல்லவில்லையே என்று ஆரம்பித்தவள், மதியம் வரை நிறுத்தவில்லை. சித்தப்பா பக்கெட்டோடு வந்தார். அவர் தலையில் அவ்வளவு நரையை அன்றுதான் பார்த்ததாகச் சொல்லி அதற்கும் திட்டினாள்.

எல்லாம் கழுவிக் காய்ந்த பிறகு பழைய கேமராவை எடுத்தாள். "லைட் பாக்கணும். போய் ஸ்டூல்ல உக்காரு" என்றாள் வாலுவிடம்.

வாலு உட்கார்ந்தாள். சித்தி இடது கண்ணை மூடினாள். மூக்கு தன் பழைய இடத்துக்கு ஒதுங்கியது. வளையத்தை விரலால் மெதுவாகத் திருப்பினாள். வலது கண்ணுக்குள் அந்த முகம் மிதந்து வந்து, சட்டென்று நின்றது. புருவத்தில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு இருப்பதை இப்போதுதான் பார்க்கிறாள்.

"தாடையைக் கொஞ்சம் எறக்கு. என்னைப் பாரு. ஆங், அப்படித்தான். அந்த டச் செட்டிங்கை எப்ப போட்ட?"

டக்.

"எந்த டச்சு?" என்றாள் வாலு.

சித்தி கேமராவைத் திருப்பித் திரையை நீட்டினாள். அதில் பவுடர் இல்லை. படம் முழுக்க ஒரு திருட்டு முழி. அம்மிக்குழவியை விழுங்கியவள்கூட அப்படி முழிக்க மாட்டாள்.

"ஃபோகஸ் எங்க விழுந்திருக்குன்னு சொல்லு, மேதை."

வாலு குனிந்து பார்த்தாள்.

"கண்ணுலதான் சித்தி."