முதல் பிடிச் சாமை

திருப்பத்தூர் பேருந்து நிலையத்தில் வைத்து, காவலூர் பஸ்ஸின் நடத்துநர்தான் எனக்குச் சொன்னார். விடைத்தாள் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். "சார், சேதி தெரியுமா? நம்ம வேடியண்ணன் பூட்டாரு" என்றார். எப்போது என்று கேட்டேன். "அடக்கம் பண்ணி நாலு நாளாவுது. மஞ்சக்காமாலை. கீழ தூக்கினு வரலாம்னு சொன்னாங்களாம், அவுருதான் வாணாம்னுட்டாரு." நாலு நாளாக ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை என்று அந்த நடத்துநரிடமே எரிந்து விழுந்தேன். அவர் என்ன செய்வார், பாவம், விசிலை ஊதிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

வேடியப்பனுக்கு ஐம்பது வயதுகூட ஆகியிருக்காது. அவரோடு மலையில் நடந்தவர்கள் திருப்பத்தூரிலும் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்களுக்குள் நடந்த ஒன்று உங்களில் யாருக்கும் தெரியாது. தெரியாமலேயே போகட்டும் என்றுதான் நானும் இத்தனை வருடம் இருந்தேன்.

தெரியாதவர்களுக்கு முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் கடைசியிலிருந்து ஆடி மாதம்தோறும் இங்கிலாந்திலிருந்து பதினைந்து, பதினாறு பிள்ளைகள் ஜவ்வாது மலைக்கு வந்தார்கள். பதினைந்திலிருந்து பதினேழு வயது வரை இருக்கும். அங்கே பள்ளிக்குக் கோடை விடுமுறை. மூன்று வாரம் மலையில் நடப்பது, மலைக்காரர்களோடு தங்குவது, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிடுவது, அவர்கள் வேலையைப் பழகுவது, இதற்காகவே கடல் தாண்டி வந்தார்கள். கூட்டி வருபவர் ஹெலன் என்ற ஆசிரியை. மலையில் அவர் எலனம்மா. வழிகாட்டி வேடியண்ணன். இவர் சொல்வதை அவர்களுக்கும் அவர்கள் சொல்வதை இவருக்கும் மொழிபெயர்க்க நான். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. திருப்பத்தூரில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆங்கில ஆசிரியர். என் ஆங்கிலத்தின் மேல் எனக்கு இருந்த கர்வம் மலையைவிடக் கொஞ்சம் உயரம்.

பிள்ளைகளின் பெயர்கள் வேடியண்ணனின் நாக்கில் நிற்கவில்லை. அவரே பெயர் வைத்தார். நெட்டைப் பையன் ஒருவன் பனமரம். ஓயாமல் பேசும் ஒரு பெண் மைனா. எவ்வளவு தூரம் இருக்கிறது என்று யார் கேட்டாலும், "அதோ அந்தத் திருப்பம்தான்" என்பார். அந்தத் திருப்பம் வந்ததும் அடுத்த திருப்பத்தைக் காட்டுவார். மூன்றாம் நாளில் பிள்ளைகளே அவரை முந்திக்கொண்டு "அதோ திருப்பம், அதோ திருப்பம்" என்று கத்திக்கொண்டு போவார்கள். காவலூரில் பெரிய தொலைநோக்கியைப் பார்க்கப் போன அன்று மேகம் மூடி ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகளின் முகம் சுண்டிவிட்டது. "எம்மாம் பெரிய கண்ணாடி இருந்தாலும் ஆடி மாசத்துல மலைக்காரனுக்குத் தெரியறதுதான் அதுக்கும் தெரியும்" என்றார். அதை மட்டும் நான் சிந்தாமல் மொழிபெயர்த்தேன். எலனம்மா வெகுநேரம் சிரித்தார்.

மட்டும் என்று சொல்லக் காரணம் உண்டு. என் வேலையில் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். அவர் பத்து வாக்கியம் சொன்னால் நான் இரண்டு சொல்வேன். மலையுச்சியில் கற்பலகைகளை நிறுத்தி மூடிய பழைய கல்வீடுகள் இருக்கின்றன. குள்ளர் வீடு என்பார்கள். அதன் எதிரே உட்கார்ந்து அவர் கால் மணி நேரம் கதை சொன்னார். நான் அரை நிமிடத்தில் முடித்தேன். "நான் இத்தினி நேரம் பேசினேன், நீ இத்துனூண்டு சொல்றியே வாத்தியாரே" என்றார். மலையில் எல்லோருக்கும் 'நீ'தான், அதில் மரியாதைக் குறைவு கிடையாது. பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டும் என்று சமாதானம் சொன்னேன். உண்மையில் எலனம்மா என்னை அடிக்கடி புகழ்வார், நீ சொன்னால் எல்லாம் எளிதாக இருக்கிறது என்று. அந்தப் புகழ்ச்சி எனக்கு வெல்லமாக இருந்தது.

மூன்றாம் வருடம் அது நடந்தது. அவருடைய ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆடி மழை பெய்து, கொல்லைகளை, அதாவது மானாவாரி நிலங்களை, உழுது வைத்த பிறகு யாரும் நினைத்த நேரத்தில் சாமை விதைத்துவிட முடியாது. நாள் பார்த்து, வேடியண்ணன் குடும்பத்து ஆண் ஒருவர் குளித்து ஈரத்துணியோடு வந்து மாரியம்மன் கோயில் கொல்லையில் முதல் பிடி விதையைப் போட வேண்டும். அப்புறம்தான் ஊர் விதைக்கும். அதுவரைக்கும் உழுத கொல்லை எதிலும் மனிதர் கால் படக்கூடாது. பட்டால் அந்த ஈரம் கெட்டது என்று கணக்கு. அடுத்த மழைக்கு ஊரே காத்திருக்க வேண்டும். அவருடைய அப்பாவுக்குப் பிறகு பதினெட்டு வயதிலிருந்து வேடியண்ணன்தான் அந்தப் பிடியைப் போட்டுவந்தார். அவருக்கு அதைவிடப் பெரிய பெருமை எதுவும் இல்லை. அதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று ஊர்க்கவுண்டரிடம் வாக்குக் கொடுத்து, அந்த வருடம் எங்களைத் தன் ஊருக்கு அழைத்துப் போனதும் அவர்தான்.

விதைப்புக்கு முதல் நாள் மத்தியானம் ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் நின்றோம். சமையல் வேலையைப் பார்க்க அவர் முன்னால் போக வேண்டியிருந்தது. போகுமுன் என்னிடம் சொன்னார்: "இன்னிக்குக் கொல்லையில யாரும் கால வைக்கக் கூடாதுன்னு சொல்லிடு. செருப்புக் காலும் கூடாது, வெறுங்காலும் கூடாது. சுத்து வழியாத்தான் வரணும். நாளைக்கு மொத வெதை. நல்லா அழுத்திச் சொல்லு." அன்று காலையில்தான் எலனம்மா என்னிடம் குறைப்பட்டிருந்தார், பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் கூடாது, கூடாது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று. நான் பிள்ளைகளைப் பார்த்து, முடிந்தவரை கொல்லையின் ஓரமாக நடங்கள் என்று சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் சொன்னேன். "சொல்லிட்டியா?" என்றார். "சொல்லிட்டேண்ணே" என்றேன்.

தூறல் பிடித்தது. முன்னால் போனவர்களில் ஆறேழு பேர் நனையாமல் ஊருக்குள் ஓட நினைத்து, உழுத கொல்லைகளைக் குறுக்கே தாண்டிவிட்டார்கள். அவர்கள் தாண்டியதில் கோயில் கொல்லையும் ஒன்று. கடைசியில் வந்த நான் பார்த்தபோது, செம்மண்ணில் பூட்ஸ் தடங்கள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வரிசையாகப் பதிந்து கிடந்தன.

மறுநாள் காலையில் கோயில் முன்னால் ஊர் கூடியது. வெளியாட்கள் யார் வாக்கில் வந்தார்களோ அவரைத்தான் அங்கே கேட்பார்கள். "அதுங்களுக்கு நீ சொன்னியா, சொல்லலியா?" என்று ஊர்க்கவுண்டர் கேட்டார். நான் வேடியண்ணனுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "மறந்துட்டேன் கவுண்டரே. நான்தான் சொல்ல மறந்துட்டேன்" என்றார். பின்னாலிருந்து ஒரு கிழவர் கூவினார்: "மொத வெதைய மறக்கற கை எதுக்குடா மொத வெதைக்கு?" அவ்வளவுதான். முதல் பிடி போடும் உரிமையை ஊர் அன்றே இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்தது. அடுத்த மழை வர இருபது நாளுக்கு மேல் ஆனது. அந்த வருடம் விளைச்சல் பாதிதான்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அடுத்த வருடம் தங்கள் பள்ளிக்கு வந்து பேசும்படி எலனம்மா என்னை அழைத்திருந்தார். விமானத்தில் போகப்போகிறேன் என்று எங்கள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். நான் செய்தது தெரிந்தால் அந்தப் பயணம் போய்விடும் என்று பயந்தேன். இதை எழுதும்போது எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

எலனம்மாவுக்கு வேடியண்ணன் மேல் நல்ல கோபம். இவ்வளவு முக்கியமான விஷயத்தைச் சொல்லாமல் விட்டு எங்கள் பிள்ளைகளைக் குற்றவாளி ஆக்கிவிட்டாரே என்று படபடவென்று பொரிந்தார். அதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. "அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்ணே" என்றேன். வேடியண்ணன் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "கொஞ்சமாத்தானா?" என்று மட்டும் கேட்டார்.

மறு வருடம் நான் இங்கிலாந்து போனேன். அந்தப் பள்ளியில் மலைமக்களின் வழக்கங்களைப் பற்றிப் பேசினேன். முதல் பிடிச் சாமையைப் பற்றியும் பேசினேன். நன்றாகக் கை தட்டினார்கள். திரும்பி வந்ததும் வேடியண்ணன் ஆவலாக என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அங்க இன்னா வெதைக்கறாங்க வாத்தியாரே?" நான் அதைப் பார்த்துக்கொண்டு வரவில்லை.

அதன் பிறகும் ஒவ்வொரு ஆடியிலும் பிள்ளைகள் வந்தார்கள். அவர் பழையபடி திருப்பங்களைக் காட்டி அழைத்துப் போனார். ஆனால் தன் ஊர்ப் பக்கம் மட்டும் கூட்டிப் போகவில்லை. முதல் விதை நாளில் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் தனியாகப் போகும்போது அவர் மனைவி பச்சையம்மா அண்ணி சாமைச்சோறு போடுவார். சாப்பிட்டுவிட்டு வருவேன். ஒவ்வொரு முறையும் அடுத்த முறை சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே மலை இறங்குவேன்.

போன வருடம் காவலூரில் பஸ்ஸுக்காக இரண்டு பேரும் நின்றிருந்தோம். பேச்சோடு பேச்சாக, "மைனா அன்னிக்கே அழுதுக்கினு வந்து எங்கிட்ட சொல்லிச்சு" என்றார். அந்த மூன்றாம் வருடக் கூட்டத்தில் வந்திருந்த அந்தப் பெண் தனக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தைகளையும் கையசைவுகளையும் வைத்து, வாத்தியார் ஓரமாகப் போகச் சொன்னார், போகவே கூடாது என்று சொல்லவில்லை என்பதைப் புரியவைத்திருக்கிறாள். ஊர் கூடுவதற்கு முன்பே அவருக்கு எல்லாம் தெரியும்.

"பின்ன ஏண்ணே பழியை ஏத்துக்கினீங்க?"

"உம்பேரச் சொன்னா உன்ன மலையேற வுடமாட்டாங்க. எம்பேரச் சொன்னா எங்கையோட போவுது. அதான்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆனா நீயா சொல்லுவன்னு நெனச்சேன். அன்னிக்கு இல்லன்னாலும் மறு வருசம் சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தேன்."

நான் அழுதேன். வருகிற ஆடியில் முதல் விதைக்கு முன் ஊருக்கு வந்து எல்லோர் எதிரிலும் சொல்லிவிடுகிறேன் என்றேன். "வா. அப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போவல. இன்னும் கையில தெம்பு கீது" என்றார். அந்த ஆடி வந்தது. பள்ளியில் ஆய்வு இருந்தது, ஆய்வு முடிந்ததும் தேர்வு இருந்தது. போகக்கூடாது என்று நான் நினைக்கவில்லை. போகவில்லை, அவ்வளவுதான். முதல் விதை அன்று அவர் குளித்துவிட்டு, மத்தியானம் வரை வாசலிலேயே நின்றிருந்தாராம். இது எனக்கு இப்போதுதான் தெரியும்.

நடத்துநர் சொன்ன மறுநாள் மலையேறினேன். ஊர்க்கவுண்டரையும் பெரியவர்களையும் கோயில் முன்னால் கூட்டச் சொல்லி, நடந்ததை ஒன்றும் குறைக்காமல் சொன்னேன். யாரும் கத்தவில்லை. கவுண்டர்தான் பேசினார். "தப்பு அவன் பேர்ல இல்லன்னு ஊரு ஒத்துக்குது வாத்தியாரே. மொதப் பிடி திரும்ப அந்த வூட்டுக்கே. ஆனா போடறதுக்கு அந்த வூட்ல யாரு கீறாங்க?" என்றார். வேடியண்ணனுக்கு இரண்டும் பெண்கள். இருவரையும் வெளியூரில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது.

பச்சையம்மா அண்ணி வாசலை விட்டு வரவில்லை. நான்தான் போனேன். உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. "எனக்கு அன்னிக்கே சொல்லிட்டாரு" என்றார். "வாத்தியாரு சின்ன வயசு, பயந்துட்டான், தானா வந்து சொல்லுவான்னாரு. அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காதன்னாரு. ஏழு வருசம் நீ எங்கையால சோறு துன்னுட்டுப் போனப்பல்லாம் நான் வாயத் தொறக்கல. இனிமே இந்த வூட்டுக்கு வராத." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

அவரைப் பற்றி மற்றவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள எவ்வளவோ இருக்கின்றன. அவர் சிரிப்பு, அவர் நடை, அவர் வைத்த பெயர்கள் எல்லாவற்றையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பனமரமும் மைனாவும் இப்போது எந்த ஊரில் இருந்தாலும் அவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. எலனம்மாவுக்கு உண்மையைக் கடிதமாக எழுதி நேற்று தபாலில் போட்டுவிட்டேன். எனக்கு மிஞ்சியிருப்பது ஊர் முன்னால் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை: "நான்தான் சொல்ல மறந்துட்டேன்." வேடியண்ணன் எதையும் மறக்கிற மனிதர் இல்லை. எனக்குத் தெரிந்து அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதை எனக்காகச் சொல்லிவிட்டு, நான் வருவேன் என்று ஏழு வருடம் காத்திருந்தார்.