அம்புரோஸின் வலது கை

போன வாரம் நாகர்கோவிலில் ஓர் ஓட்டலில் மருமகனோடு உட்கார்ந்து நெய் ரோஸ்ட் தின்றுகொண்டிருந்தேன். பக்கத்து மேஜையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி, பூரி வந்ததும் நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் கையைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு பூரியைப் பிய்த்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் தின்பதை நிறுத்தினேன். கல்லாவில் இருந்தவர் பார்த்துவிட்டாரா என்று சட்டென்று அந்தப் பக்கம் பார்த்தேன். மருமகன், "என்ன மாமா, பொரையேறிட்டா?" என்று தண்ணீரை நகர்த்தி வைத்தான். அவனிடம் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

முப்பதுகளின் தொடக்கம். நான், மாதேவன், அம்புரோஸ் மூவரும் நாகர்கோவிலில் ஒரே வக்கீலிடம் குமாஸ்தாக்கள். நானும் மாதேவனும் சைவ வீட்டுப் பிள்ளைகள். அம்புரோஸ் மணக்குடிக்காரன், அவன் அப்பா கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். மூன்று பேருக்கும் நாக்கு நீளம். எனக்கு இனிப்பு என்றால் உயிர், அதன் பலனை இப்போது டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாதேவன் உள்ளித் தீயல் இருந்தால் சாம்பாரைத் திரும்பிப் பார்க்கமாட்டான். அம்புரோஸுக்குத் தனி ருசி என்று ஒன்றில்லை, ஆனால் ஒரு வாய் தின்றதுமே தேங்காய் முற்றலா இளசா என்று சொல்லிவிடுவான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் மாட்டான்.

கோர்ட்டுக்குப் பின்தெருவில் ஒரு பிராமணாள் ஓட்டல். சனிக்கிழமை மதியம் அங்கே போளியும் பால்பாயசமும் உண்டு. சூடான போளியை இலையில் பிய்த்துப் போட்டு, மேலே பாயசத்தை விட்டு, மட்டிப்பழம் ஒன்றையும் சேர்த்துப் பிசைந்தால்... சரி, டாக்டர் படித்துவிடப் போகிறார். அம்புரோஸைப் போன்றவர்களுக்கு அந்த ஓட்டலின் உள்ளே இடம் கிடையாது. பக்கவாட்டு ஜன்னலில் காசை வைத்தால் பொட்டலம் வரும். போளியைப் பொட்டலம் கட்டலாம். பாயசத்தை எப்படிக் கட்டுவது? நான் வந்து வர்ணிப்பதைக் கேட்டுக் கேட்டு ஒருநாள் அம்புரோஸ் சொன்னான்: "ஏலே, ஒருக்கா எலையில இருந்து தின்னு பாக்கணும்டே."

மாதேவன் துணிந்தவன். "பேரு ஆறுமுகம். எனக்க சித்தப்பா மவன். வாயத் தொறக்காண்டாம்" என்று முடிவு சொல்லிவிட்டான். அம்புரோஸ் கழுத்தில் கிடந்த, மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தான். நெற்றியில் நான் திருநீறு பூசினேன். பயப்படுவான் என்று நினைத்தேன். "பூசு மக்கா, திருநீற்றுப் புதன்னு ஒண்ணு எங்களுக்கும் உண்டு. வருஷத்துக்கு ஒருநா சாமியாரே பூசிவிடுவாரு" என்று சிரித்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அவனுடைய வலது கை ஒன்றைத் தவிர. பிறந்த நாளிலிருந்து சோற்றின் முன் உட்கார்ந்தால் அந்தக் கை தானாக நெற்றிக்குப் போகும். அவன் நினைத்தாலும் நிற்காது.

அதற்கும் மாதேவன் வழி கண்டுபிடித்தான். இலை போட்டதும் அம்புரோஸ் வலது கையால் தண்ணீர்த் தம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் இருவரும் தின்ன ஆரம்பித்த பிறகுதான் விடவேண்டும். "மனசுக்குள்ள சிலுவை போட்டா கணக்குல சேருமாடே?" என்று கவலையோடு கேட்டான். "ஒனக்க கடவுளுக்கு மனசு தெரியாதோ?" என்றான் மாதேவன்.

அப்படிச் சில சனிக்கிழமைகள் போய்வந்தோம். முதல்முறை போளியும் பாயசமும் உள்ளே போனபோது அம்புரோஸ் கண்ணை மூடிக்கொண்டான். எனக்கு உயிரே போய்விட்டது, ஜெபம் பண்ணுகிறானோ என்று! இல்லை, ருசிதான். பிடிபட்டால் அடி நிச்சயம். எங்கள் வக்கீலும் அங்கே சாப்பிடுகிறவர், ஆகவே வேலையும் போகும். இதை அறிந்தும் போனோம் என்றால் நாக்கு எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தம்ளரைப் பிடித்த விரல்களையே பார்த்துக்கொண்டு தின்றதில் எனக்குப் பாதி நாள் அவியல் என்ன ருசி என்றே தெரியவில்லை.

நாங்கள் மூவரும் கடைசியாகப் போன சனிக்கிழமை எதிர் வரிசையில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். இலை போட்டு அவியலும் துவரனும் பரிமாறியாயிற்று, சோறு இன்னும் வரவில்லை. அம்புரோஸ் தம்ளரைப் பிடித்தபடி இருந்தான். பெரியவர் அவனையே பார்த்தார்.

"தம்பிய எங்கயோ பாத்தமாதிரி இருக்கு. நான் கயிறு திரிக்கத் தும்பு வாங்க மணக்குடிப் பக்கம் போறவனாக்கும்."

"இது எனக்க சித்தப்பா மவன். சுசீந்திரம்" என்றான் மாதேவன் அவசரமாக.

"அவரு சொல்லட்டும். தம்பி, தகப்பனாருக்குப் பேரு என்ன?"

எங்களுக்கு இது தோன்றவே இல்லை. அவனுக்குப் பேர் வைத்தோம், ஊர் வைத்தோம், அப்பாவுக்குப் பேர் வைக்க மறந்துவிட்டோம். மாதேவன் வாயைத் திறப்பதற்குள் அம்புரோஸ் தம்ளரைக் கீழே வைத்துவிட்டான். மேஜையின் கீழ் நான் அவன் தொடையைக் கிள்ளினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"மிக்கேல். மணக்குடி. கடலுக்குப் போறவரு" என்றான். பிறகு எல்லாரும் பார்க்க, அவசரமில்லாமல் நெற்றி, மார்பு, இரண்டு தோள் என்று சிலுவை போட்டான். ஒரு வாய் அவியலை எடுத்து வாயில் வைத்து மென்றான்.

இரண்டு வரிசையிலும் கைகள் நின்றன. சிலர் எழுந்துவிட்டார்கள். ஓட்டல் சாமி வந்தார். கத்தவில்லை. "எழுந்திருங்கோ. எலைய நீங்களே எடுத்துண்டு போங்கோ" என்றார். அம்புரோஸ் விழுங்கி முடித்துவிட்டு எழுந்தான். "மாங்கா கொஞ்சம் கூடப் போட்டிருக்கலாம் சாமி" என்றான். அந்த நேரத்திலும் அவன் நாக்கு அப்படி! நானும் மாதேவனும் எழுந்தோம். அதில் வீரம் ஒன்றும் இல்லை, எல்லாருடைய கண்ணும் எங்கள்மேல் இருக்கும்போது உட்கார்ந்து தின்ன முடியுமா? வாசலைத் தாண்டும்போது பின்னால் சாணித்தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. அடிக்க யாரும் வரவில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

தெருமுனை வந்ததும் மாதேவன் வெடித்தான். "வாயில வந்த ஒரு பேரச் சொல்லியிருந்தா ஒனக்கு என்ன கொறஞ்சு போவும்?"

"எனக்க அப்பன் காலைல வெளுப்புக்கே கடலுக்குப் போனவரு. இன்னும் கரைக்கு வரல்ல" என்றான் அம்புரோஸ். "அவரு கடல்ல கெடக்கும்போ, ஒரு போளிக்காச்சுட்டி இன்னொருத்தர அப்பன்னு சொல்லட்டா?"

அன்று சாயங்காலம் மிக்கேல் பத்திரமாகக் கரையேறினார் என்று திங்கட்கிழமை தெரிந்துகொண்டபோது, அவரை முன்பின் பாராத நானும் மாதேவனும் அவ்வளவு ஆறுதல் அடைந்தோம். வக்கீல் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அம்புரோஸிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சில மாதங்களில் அவன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகப் போய்விட்டான்.

பிறகு காலம் மாறியது. ஒருநாள் அந்த ஓட்டலில் யாரும் உள்ளே வரலாம் என்று ஆயிற்று, ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். நான் பெரிய நல்ல செய்தி கொண்டுபோகிறவனைப்போல மணக்குடிக்கு ஓடினேன். "வாடே, இனி ஒருத்தனும் ஒன்ன ஒண்ணும் கேக்கமாட்டான்."

அம்புரோஸ் பிள்ளைகளின் சிலேட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். "கேட்டப்ப நான் பதில் சொல்லியாச்சு மக்கா. இனி அங்க எனக்குச் சோலி இல்ல. நீ போய்த் தின்னு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

இப்போது அந்த ஓட்டல் இருந்த இடத்தில் ஜவுளிக்கடை. மாதேவன் போய்விட்டான், அம்புரோஸும் போய்விட்டான். அப்படிப் போளி போடுகிறவர்களும் இல்லை. அன்று மணக்குடியிலிருந்து திரும்பிய நான், நேரே அந்த ஓட்டலுக்குப் போய்த் தனியாக உட்கார்ந்தேன். நன்றாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு போளியில் பாயசத்தை விட்டுப் பிசைந்தேன். நன்றாகத்தான் இருந்தது. என் நாக்கின்மேல் வந்த அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.