மூத்தவனுக்கு ஒரு குழி

அந்தத் தொலைபேசி அழைப்பு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நடந்தது. மரக்கடை அலுவலகத்தில் நான் நின்று பேசினேன். அத்தை என் தோளை ஒட்டி நின்றாள். எதிர்முனையில் விலங்குகளைத் தகனம் செய்யும் நிலையத்தின் பணிப்பெண். அவள் பேசியது அத்தைக்குத் தெரியாத மொழி. நான் இரண்டு மொழியிலும் படித்தவள் என்பதால் எங்கள் வீட்டுக்கு வரும் எல்லாக் காகிதமும் என் கையில்தான் வந்து விழும்.

“எடை எவ்வளவுன்னு கேக்குறாங்க அத்தை.”

“எடையா? அவன் என்ன சிமெண்ட் மூட்டையா?”

“தெரிஞ்சாத்தான் பதிவு பண்ணுவாங்களாம்.”

“நானூத்தம்பது கிலோன்னு சொல்லு. ஒரு காலத்துல இன்னும் இருந்தான்னும் சொல்லு.”

எண்ணை மட்டும் சொன்னேன். பணிப்பெண் எதையோ புரட்டிப் பார்த்தாள். அவர்களுடைய உலையில் ஒரு தடவைக்கு இருநூறு கிலோதான் வைக்க முடியுமாம். அதனால் உடல் வந்ததும் ‘தயார்செய்துகொள்வோம்’ என்றாள். எப்படி என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தி, உரிமையாளர்களிடம் இதைச் சொல்வதில்லை, மூன்று பகுதிகளாக, என்றாள்.

“என்னவாம்?” என்றாள் அத்தை.

“வந்ததும் தயார் பண்ணிக்குவாங்களாம்.”

“தயார்னா? குளிப்பாட்டுவாங்களா?”

“ம்.”

“பாத்தியா, நல்ல மனுஷங்க. வெள்ளிக்கிழமை டாக்டர் ஊசி போட்டதும் வண்டி வரணும்னு சொல்லு.”

சொன்னேன். தொலைபேசியை வைத்தேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. அவளுடைய முப்பத்தோராவது வயதில் மாமா வேலை தேடி வெளியூர் போனவர், போனவர்தான். அவர் விட்டுப்போனது ஒரு வண்டி, நான்கு வயதுக் குதிரை, அத்தையின் வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. அடுத்த வாரமே அவள் கடிவாளத்தைப் பிடித்தாள். லாரி நுழையாத சந்துகளுக்குள் மரக்கடையின் பலகைகளையும் கதவுகளையும் ஏற்றிப்போனாள். எதிரே வரும் டெம்போக்காரர்கள் அவள் வாய்க்குப் பயந்து தாங்களாகவே பின்னால் எடுப்பார்கள். குதிரை முதலில் வந்ததால் அவன் மூத்தவன். பெற்ற மகன் சின்னவன். பள்ளிக்கூடத்தில் எத்தனையாவது குழந்தை என்று கேட்டதற்கு, கூசாமல் இரண்டாவது என்று எழுதவைத்தவள் அவள். சின்னவன் இப்போது ஏதோ கப்பலில் இருக்கிறான். மூத்தவனுக்கு இருபத்தேழு வயது. பின்னங்கால்கள் தளர்ந்துவிட்டன. ஒருமுறை படுத்தால் பிறகு எழமாட்டான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அத்தைக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை. பயமெல்லாம் அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான். முன்பொரு நாள் இன்னொரு வண்டிக்காரரின் குதிரை தெருவில் செத்துக் கிடந்தது. தோல் ஆலை லாரி வந்து, காலில் சங்கிலி மாட்டி, தார்ச்சாலையில் உரசிக்கொண்டே அதை இழுத்து ஏற்றியதை அவள் பார்த்திருக்கிறாள். “என் பிள்ளை முழுசாப் போகணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்” என்று அதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

செவ்வாயும் புதனும் இப்படியே போயின. ஒருநாள் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லாமலே விட்டுவிட்டால் தெரியவா போகிறது என்றும் நினைத்தேன். பிறகு அவளும் அந்த வண்டியில் ஏறிக்கொண்டால் என்ன ஆகும் என்றும் நினைத்தேன். அவள் நிச்சயம் ஏறிக்கொள்வாள்.

வியாழன் காலை லாயத்துக்கு வரச்சொன்னாள். மூத்தவன் சுவரில் சாய்ந்து நின்றான். அத்தை ஒரு துணிப்பையை என்னிடம் நீட்டினாள். உள்ளே புதுத் துண்டு ஒன்று, பிரிக்காத சோப்பு ஒன்று.

“குழந்தைங்களுக்குப் போடுற சோப்பு. கண்ணு எரியாது. நாளைக்கு அவங்க கையில கொடுத்து, இதையே போடச் சொல்லு. எனக்கு அவங்க பாஷை வராதே.”

பையை அவளிடமே திருப்பி நீட்டினேன்.

“என்னடி?”

“அத்தை, அவங்க குளிப்பாட்ட மாட்டாங்க.”

“நீதானே சொன்னே?”

“உலை சின்னது. மூணு பகுதியா...”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திரும்பி மூத்தவனின் பிடரியை விரலால் கோதிவிட்டாள்.

“திங்கக்கிழமையே சொல்லியிருந்தா எனக்கு நாலு நாள் இருந்திருக்கும்” என்றாள். “இப்ப ஒரு நாள் இருக்கு. டாக்டருக்குப் போன் போடு.”

டாக்டர் ஒரே மூச்சில் சொன்னார்: புதைப்பதானால் குழியை முதலில் தோண்டுங்கள், குதிரை தன் காலால் குழிவரை நடந்து வரட்டும். லாயத்துக்குள் விழுந்துவிட்டால் அந்தக் குறுகலான வாசல் வழியாகச் சங்கிலி கட்டி இழுப்பதைத் தவிர வேறு வழியில்லை. நாளை வரை அவன் நிற்பான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இன்றைக்கு நான்கு மணிக்கு வருகிறேன்.

சங்கிலி என்ற சொல்லையும் நான் விடவில்லை. எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். அத்தை கண்ணை ஒருதரம் மூடித் திறந்தாள்.

மரக்கடை முதலாளி பின்பக்கக் காலிமனையைத் தந்தார். நகர அலுவலகத்தின் அனுமதிக்குப் படிவம் நிரப்பினேன். அதில் மூத்தவனுக்கு ‘விலங்குக் கழிவு’ என்று பெயர். அதையும் வாசித்துக் காட்டினேன்.

“எழுதிக்கட்டும். எழுதினவன் ஒருநாள் என் எதிர்ல வராமலா போவான்” என்றாள்.

அனுமதி வர ஒரு மணி ஆயிற்று. மண் தோண்டும் இயந்திரம் வந்து சேர இரண்டு. தோண்டத் தொடங்கியதும் பாறை இடித்தது, இடம் மாற்றினார்கள். லாயத்தில் மூத்தவனின் பின்னங்கால் முட்டி மடங்குவதும் நிமிர்வதுமாக இருந்தது. இவன் இப்போது விழுந்தால் அது என்னால்தான். அத்தை அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

“தண்ணி ஊத்தினா நிப்பான். சின்ன வயசிலேருந்தே அப்படித்தான்” என்றாள் திடீரென்று. “அந்தச் சோப்பை எடு.”

நான் வாளி வாளியாகத் தூக்கி வந்தேன். அவள் தேய்த்தாள். முதுகு, விலா, பிடரி. கண்ணருகில் கையைக் குவித்து மறைத்துக்கொண்டு முகத்தைக் கழுவினாள். மூத்தவன் காதைத் தொங்கவிட்டு, கால்களை அகட்டி ஊன்றி நின்றான். சோப்பு பாதியாய்க் கரையும்வரை நின்றான்.

மூன்றே முக்காலுக்கு இயந்திரத்தின் சத்தம் நின்றது. நான்கு மணிக்கு டாக்டர் வந்தார்.

லாயத்திலிருந்து குழிக்கு நூற்றிருபது அடி. வண்டியில் பூட்டும்போது கண்ணோரம் கட்டும் தோல் மறைப்பை ஆணியிலிருந்து எடுத்து நீட்டினேன். குழியைப் பார்த்து மிரண்டு காலை உதைத்தால் அதோடு முடிந்தது.

“வேண்டாம்” என்றாள். “வண்டி இழுக்கிறதுக்காகத் தினம் அவன் கண்ணை மறைச்சேன். போதும்.”

நடந்தோம். அவள் தலைக்கயிற்றைப் பிடித்து நாக்கால் ‘டொக், டொக்’ என்று ஒலி எழுப்பினாள். நான் விலாவில் தோள்கொடுத்தேன். பாதி வழியில் பின்னங்கால் சரிந்தது. அவன் பாரம் முழுவதும் என்மேல் சாய்ந்தது. ஈரத் தோலுக்கு அடியில் அவன் இதயம் அடிப்பது என் கன்னத்தில் தெரிந்தது. “தள்ளும்மா, விழுந்தா நசுங்கிடுவே!” என்று டாக்டர் கத்தினார். நான் நகரவில்லை. அத்தை நாக்கை மட்டும் தட்டினாள். அவன் காலைக் கூட்டிக்கொண்டு நிமிர்ந்தான்.

மண்குவியலின் அருகே நின்றுவிட்டான். மூக்குத்துளைகள் விரிந்தன. குழியைப் பார்த்தான், நன்றாகவே பார்த்தான். காதுகள் பின்னுக்குப் போயின. பிறகு அத்தையின் முந்தானையில் மூக்கை நுழைத்துக் கேரட்டைத் தேடினான். இருந்தது.

டாக்டர் ஊசி போட்டார். அவன் விழுந்தது குழியின் பக்கமாகத்தான். வார்ப்பட்டையைச் சுற்றி, இயந்திரத்தின் கையில் மாட்டி, மெதுவாக இறக்கினார்கள். எங்கும் உரசவில்லை. அத்தை விளிம்பில் குனிந்து, தலை, நான்கு கால், வால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் மண் தள்ளச் சொன்னாள்.

அதன்பின் மரக்கடைக் குழாயடியில் இருவரும் கால் கழுவினோம். மீதிச் சோப்பை என்னிடம் தந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையமர்த்தினாள்.

“நாளைக்கு எனக்கும் ஆஸ்பத்திரி, காகிதம்னு வரும். அதை நீதான் படிப்பே, வேற யாரு இருக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்” என்றாள். “அன்னைக்கு என்கிட்ட ‘ம்’னு மட்டும் சொல்லாதே.”