மருமகளின் ஆர்க்கிட்டும் என் கவாத்துக் கத்தரியும்

நாற்பது வருடமாகத் திராட்சை வளர்க்கிறவனுக்கு, ஒரு தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எப்படி என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனால் கோபம் வருமா வராதா? எனக்கு வந்தது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள் மருமகள். ‘வாரம் ஒரு தடவை போதும். வேர் வெள்ளையாக இருந்தால் மட்டும் தண்ணீர். பச்சையாக இருந்தால் வேண்டாம்.’ நான் அதைப் படித்துவிட்டு என் மனைவியைப் பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மருமகள் கம்பத்தில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். பயிற்சி என்று ஆறு வாரத்துக்கு அவளைச் சென்னைக்கு அனுப்பினார்கள். மகனுக்கு வெளியூர் வேலை. ஆகவே அனுமந்தன்பட்டி வீட்டில் நானும் என் மனைவியும் அந்த ஆர்க்கிட்டும்தான்.

அது அவளுடைய அம்மா வளர்த்த செடி. அந்த அம்மா குமுளியில் இருந்தவர். முந்தைய மழைக்காலத்தில் திடீரென்று நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். மருமகளுக்கு வங்கிக்குத்தான் போன் வந்தது. உடனே பஸ் ஏறினாள். மலைப்பாதையில் ஒரு லாரி வளைவில் மாட்டிக்கொண்டு நிற்க, ஒன்றரை மணி நேரம் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தாள். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. “பக்கத்துல இல்லாமப் போயிட்டேனே மாமா,” என்று அன்றைக்கு ஒரு முறை என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. காரியமெல்லாம் முடிந்து திரும்பும்போது அந்த வீட்டிலிருந்து அவள் எடுத்து வந்தது இந்தத் தொட்டி ஒன்றைத்தான்.

செடி என்று சொன்னால் எங்கள் பக்கத்து ஆட்கள் சிரிப்பார்கள். அகலமாய், தடிப்பாய் ஐந்து இலை. தொட்டிக்குள் மண்ணே கிடையாது. மரப்பட்டைத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டு, அதில் செருகி வைத்தாற்போல் நிற்கும். நாலைந்து வேர்கள் தொட்டியை விட்டு வெளியே வந்து அந்தரத்தில் தொங்கும். பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற பூமியில் ஒரு உயிரை இப்படியா பட்டினி போடுவது என்று எனக்கு முதல் நாளிலிருந்தே மனத்தாங்கல்.

அவள் ஊருக்குப் போன நாலாம் நாள் அடியிலை மஞ்சளாகத் தொடங்கியது.

அங்கேதான் சனி பிடித்தது. மஞ்சள் இலையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற சம்சாரி எங்கள் பள்ளத்தாக்கில் எவனும் இல்லை. பந்தலில் ஒரு கொடி வெளுத்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. அந்த மஞ்சளிலையை உடனே பறித்துக் குப்பைக்குழியில் எறிந்தேன். கண்மாய் வண்டலும் மக்கிய சாணியும் சலித்து எடுத்து வந்து, பட்டையையும் கரியையும் கொட்டிவிட்டு, செடியைக் கழுத்துவரை மண்ணில் நட்டேன். காலையிலும் மாலையிலும் ஒரு செம்பு தண்ணீர்.

“அந்தப் புள்ள என்னத்துக்கு எழுதி ஒட்டிட்டுப் போச்சு? ஒங்களுக்குக் கை சும்மாவே இருக்காதா?” என்றாள் மனைவி.

“நீ ஒஞ் சோலியப் பாரு,” என்றேன்.

பத்துப் பதினைந்து நாளில் இன்னும் இரண்டு இலை மஞ்சளாயின. இந்த முறை வெறும் மஞ்சள் இல்லை. அடிப்பாகம் கொழகொழவென்று, தொட்டால் ஈரம் ஒட்டியது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். திராட்சைக்கொடியில் இலையை உருவி, கிளையை வெட்டிக் கவாத்துச் செய்துவிட்டால் இரண்டே வாரத்தில் கண் முழித்துத் தளிர் வரும். மழைக்காலத்தில் கொடித்தண்டில் வேர் தொங்கினால், அடியில் வேருக்கு ஏதோ கோளாறு என்று நாங்கள் அந்த வேரை அறுத்தெறிவோம். எனவே என் கத்தரியை எடுத்தேன். இரண்டு இலையையும் வெட்டினேன். அந்தரத்தில் தொங்கிய வேர்களையும் ஒன்று விடாமல் நறுக்கினேன். வேலை முடிந்ததும் சுத்தமாகத்தான் இருந்தது. தளிர் வரும் என்று காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வீடியோ காலில் வருவாள். எங்கள் நலம் கேட்டு முடித்ததும், “செடி எப்படி இருக்கு மாமா?” என்பாள். “அதுக்கென்ன, ஜம்முன்னு இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். மனைவி பக்கத்தில் நின்று என்னை முறைப்பாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் சொல்லும் பொய் முகத்திலேயே தெரியும். அதனால் போனைக் கூரையைப் பார்த்துப் பிடித்துக்கொள்வேன்.

ஐந்தாவது வாரம் மிச்சமிருந்த இரண்டு இலையும் சுருங்கித் தொங்கின. எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு ஞாயிறு காலையில் தொட்டியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு குமுளிக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு நர்சரியில் ஆர்க்கிட் மட்டுமே விற்கிற அம்மா ஒருவர் உண்டு. மலையாளம் கலந்த தமிழில் பேசுவார். மண்ணைப் பார்த்ததுமே முகம் சுளித்தார். செடியைப் பிடுங்கிக் குழாயடியில் கழுவினார். ஒரு வேரை விரலால் உருவினார். தோல் மட்டும் கையோடு வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒன்று மிஞ்சியது.

“எல்லாம் சீஞ்சு போயி, அழுகிப் போச்சு,” என்றார். “வெளிய தொங்குற வேர யாரு வெட்டினது?”

நான் திராட்சைக் கதையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“காட்டுல இது மரத்து மேல ஒட்டிக்கிட்டு இருக்கும் சேட்டா. வேருக்குக் காத்து வேணும். மண்ணுல பொதைச்சா மூச்சு முட்டிப் போகும். மொதல்ல எத்தன இலை மஞ்சளாச்சு?”

“ஒண்ணுதான். அடியிலை.”

“மத்ததெல்லாம் பச்சையா?”

“ஆமா.”

“அப்ப அதுக்கு ஒரு சீக்கும் இல்ல. அடியிலைக்கு வயசாச்சு. மேல புதுசு வர்றதுக்கு முன்னாடி பழசு மஞ்சளாகித் தானா விழும். நீங்க ஒண்ணுமே செய்யாம இருந்திருக்கணும்.”

அழுகிய வேர்களை நீக்கியபோது இரண்டே இரண்டு கெட்டியான வேர் மிஞ்சியது. அவற்றோடு செடியைப் பட்டையில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம் என்றார்.

அன்று சாயங்காலம் அவள் அழைத்தபோது நானே சொல்லிவிட்டேன், வண்டலில் ஆரம்பித்துக் கத்தரி வரைக்கும். நான் முடித்ததும், “அந்த அடியிலை இருக்கா மாமா?” என்று மட்டும் கேட்டாள்.

“குப்பக்குழியில போட்டுட்டேன் ஆத்தா.”

“சரி மாமா,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அந்தச் ‘சரி’ என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் பையைக்கூட இறக்காமல் ஜன்னலோரம் போய்ச் செடியைப் பார்த்தாள். பிறகுதான் சொன்னாள். அவளுடைய அம்மா சனிக்கிழமைதோறும் ஈரத்துணியால் அந்த இலைகளை ஒவ்வொன்றாகத் துடைப்பாராம். “அம்மா கை பட்ட எலை அஞ்சு இருந்துச்சு மாமா. அடியில இருந்தது போகப் போகுதுன்னு கெளம்பும்போதே பாத்தேன். அது விழும்போது நான் இங்கன இருக்க மாட்டேன்னுதான் கஷ்டமா இருந்துச்சு.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா அழுதுருவேன்.”

என்னைப் போல ஒரு மடையன் உண்டா? தானாக விழவேண்டிய ஒரு இலைக்காகப் பதறி, இருந்திருக்க வேண்டிய இரண்டையும் சேர்த்து வெட்டிவிட்டேன். மன்னித்துவிடு என்று மருமகளிடம் கேட்க எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. நான் கேட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டு எனக்குக் காபி போட்டுக் கொண்டு வந்தாள்.

செடி பிழைத்தது. மூன்று மாதம் கழித்து நடுவில் நகத்தளவு ஒரு பச்சை எட்டிப் பார்த்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் அது நல்ல இலையாகிவிட்டது. அப்போது, மிச்சமிருந்த இரண்டு பழைய இலைகளில் அடியில் இருந்தது மஞ்சளாகத் தொடங்கியது.

கத்தரியைத் தோட்டத்து மோட்டார் ரூமில் கொண்டுபோய் வைத்தேன். தினமும் காலையில் அவள் வங்கிக்குக் கிளம்பியதும் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்காருவேன். முதலில் நுனி மஞ்சளானது, அப்புறம் பாதி, அப்புறம் முழுசும். கொழகொழப்பு இல்லை, காய்ந்துகொண்டே வந்தது. “இவுக கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்து நான் பாத்ததே இல்ல,” என்று மனைவி பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். ஒரு புதன்கிழமை பதினொரு மணிவாக்கில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அது தண்டை விட்டுக் கழன்று தொட்டி விளிம்பில் சாய்ந்தது. சத்தம்கூட இல்லை.

ஒரு வெள்ளைத்தட்டில் அதை எடுத்து வைத்தேன். சாயங்காலம் அவள் வந்ததும் தட்டை நீட்டினேன். காய்ந்த இலையைக் கையில் எடுத்து, கட்டை விரலால் நடு நரம்போடு ஒரு தடவை தடவினாள்.

“இது விழும்போது பக்கத்துல இருந்தீகளா மாமா?”

“இருந்தேன் ஆத்தா.”

அப்போதுதான் அவள் அழுதாள்.